எங்க போறீய

இன்றைக்கு ஒன்றுமே செய்யக் கூடாது என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த ஒன்றும் செய்யாமலிருப்பதுதான் அமலோற்பவத்துக்கு வரமாட்டேன் என்கிறது. மடக்கு நாற்காலியில் சாய்ந்தால் முதுகு குழிக்குள் போகிறது, முழங்கால் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது, காலை நீட்டினாலோ வீங்கிப்போன கணுக்கால் கண்ணில் படுகிறது. கணுக்காலைப் பார்த்தால் வேலை ஞாபகம், வேலை ஞாபகம் வந்தால் விடுப்பு முடிந்ததும் ஏற வேண்டிய ராத்திரி டூட்டி ஞாபகம், அது வந்தால் கொட்டாவி. முதியோர் இல்லத்தில் ராத்திரி முழுக்க மற்றவர்களைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, பகலில் தான் புரண்டு புரண்டு படுத்துப் பழகிய உடம்பு. பட்டப்பகலில் கடலைப் பார்த்து உட்கார வைத்தால் என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறது. கடலைப் பார்த்து என்பதும் பேச்சுக்குத்தான். கூடாரம் நிற்கிற செம்மண் மேட்டுக்குக் கீழே வெள்ளைச் சிப்பி மணல், அதற்கப்புறம் கடல் இருக்க வேண்டிய இடத்தில் கடல் இல்லை. ராத்திரி காதுக்குள் இரைந்துகொண்டிருந்தது, விடிந்து பார்த்தால் வாரிச் சுருட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டது. ஈரமணல், ஈரமணல், அதற்கும் அப்பால் கண் எட்டுகிற கடைசியில் ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அவள் கணவர் இஞ்ஞாசி வாளியும் கையுமாக நடந்து போய்க்கொண்டிருக்கிறார். முதலில் ஆளாகத் தெரிந்தார், பிறகு தொப்பியாகத் தெரிந்தார், இப்போது ஒரு புள்ளி. ஈயை விரட்டக் கையை வீசும்போதெல்லாம் புள்ளி மறைந்து மறுபடி வருகிறது. பெர்த்திலிருந்து வடக்கே நாள்கணக்கில் காரோட்டி வந்தது இந்தப் புள்ளியைப் பார்க்கத்தானா என்று அவளுக்கு ஒரு கணம் சிரிப்புக்கூட வந்தது. ஊர் என்று சொல்ல இங்கே எதுவுமில்லை. மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் தன் நிலத்தின் கடலோர மூலையைக் கூடாரம் போடுகிறவர்களுக்கு விட்டிருக்கிறார். ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு தகரக் கக்கூஸ். போனில் சிக்னல் ஒரு கோடுகூடக் கிடையாது. அப்பாவுக்கு ஒரு மாறுதல் வேணும்மா, நல்லா ரெஸ்ட் எடுத்திட்டு வாங்க என்று ஜோஸ்லின் தன் காரையும் கூடாரத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டாள். ரெஸ்டாம் ரெஸ்ட்.

காலையில் அவர் கிளம்பினபோது நடந்ததுதான் திரும்பத் திரும்ப வந்து மாட்டுகிறது. நடந்தது என்று சொல்ல எதுவும் நடக்கவில்லை. கூடாரத்து வாசலில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தொப்பியின் நாடாவை முடிச்சுப் போட்டார். அவிழ்த்தார். மறுபடி போட்டார். வாளியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார். தொண்டையைச் செருமினார். ஒரு மனுஷன் தொப்பி கட்ட இவ்வளவு நேரமா என்று அவள் அடுப்பில் வைத்த தேயிலைத் தண்ணியைப் பார்த்தபடி குந்தியிருந்தாள், வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது. கடலைப் பார்த்துக் கால் வைக்கிற ஆண்பிள்ளையிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது, எப்போது வருவீர்கள் என்று கேட்கக் கூடாது, பின்னாலிருந்து கூப்பிடவே கூடாது. தூத்துக்குடியில், அவள் பிறந்த தெருவில், இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பல் முளைக்கிற மாதிரி தானாக வந்துவிடும். அப்பா வள்ளத்துக்குக் கிளம்புகிற விடிகாலைகளில் அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். அப்பா ஒவ்வொரு தடவையும் பத்திரமாகத் திரும்பி வந்தார். கேட்காததால்தான் வந்தார் என்று அம்மா கடைசி வரை நம்பினாள். கேட்காததால் இன்னொன்றும் நடந்தது. அப்பா செத்து, பெட்டி வீட்டில் இருக்கும்போது வேம்பாரிலிருந்து ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்து வாசலில் நின்று மாரிலடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு பிள்ளைக்கும் அப்பாவின் மூக்கு. கடலுக்குப் போனாரா வேம்பாருக்குப் போனாரா என்று அம்மா ஒரு நாளாவது கேட்டிருந்தால்தானே. அதற்குப் பிறகும் அம்மா ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவில்லை; இருந்தாலும் உசிரோட வந்தாருல்லா என்றாள். அம்மாவை என்ன செய்ய. அமலோற்பவம் தேயிலையை வடிகட்டி நிமிர்ந்தபோது வாசலில் வெயில்தான் நின்றது. அவருடைய தம்ளர் இன்னும் மேசையில் அப்படியே இருக்கிறது, ஈ மிதக்கிறது.

இது கடல் இல்லை, வேறு என்னமோ. தூத்துக்குடிக் கடலும் ஏறும், வற்றும். முழங்காலுக்கு ஏறும், கணுக்காலுக்கு வற்றும், வீட்டில் வளர்த்த மாடு மாதிரி அதன் இடத்தில்தான் நிற்கும். இங்கே வற்றினால் ஊரே காலி. ஏறினால்? கக்கூஸ் சுவரில் ஒரு பலகை ஆணியடித்து மாட்டியிருக்கிறது, இன்றைக்குக் கடல் எப்போது வற்றி முடியும், எப்போது ஏறத் தொடங்கும் என்று சாக்கட்டியால் எழுதியிருக்கிறது. கீழே சிவப்பில் கொட்டை எழுத்து: தண்ணீர் பின்னாலிருந்து வரும். கரையோரப் பள்ளங்கள்தான் முதலில் நிறையும், திட்டில் நிற்கிறவர் மாட்டிக்கொள்வார் என்று படம் வேறு போட்டிருக்கிறது. விடிகாலையில் போனவள் அதை வாசித்தாள். ஏதோ மருந்துப் பாட்டிலின் லேபிளை வாசிக்கிற மாதிரி, இரண்டு தடவை. திரும்பி வந்து அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? பரதவனுக்கு நீ ஏத்தம் வத்தம் சொல்லித் தாரியா என்பார் என்றா? முன்பென்றால் சொல்லியிருப்பார், சொல்லிவிட்டுச் சிரித்தும் இருப்பார். உண்மையில் அவருக்கு ஏற்றமும் தெரியாது வற்றமும் தெரியாது. கப்பலில் இருபது வயதில் ஏறினவர், இஞ்சின் அறைக்குள் இறங்கினவர், உலகத்துக் கடலெல்லாம் சுற்றினவர், ஒரு கடலையும் பார்க்காதவர். மேலே வந்தால் துறைமுகம், கீழே போனால் எண்ணெய். இடது காதையும் அந்த இஞ்சினுக்கே கொடுத்துவிட்டு வந்தார். ஆனால் கடற்கரைக்காரன் என்ற நினைப்பு மட்டும் போகுமா. சொல்லியிருக்கலாம். தம்ளரை நீட்டும்போது, பலகையில இப்படிப் போட்டிருக்கு என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் போய்விட்டார். பின்னால் ஓடிக் கூப்பிட்டிருக்கலாம். பின்னாலிருந்தா? சரி, விடு, மத்தியானத்துக்குள் வந்துவிடுவார், தண்ணி வருவது கண்ணுக்குத் தெரியாமலா போகும் என்று நாற்காலியில் கண்ணை மூடினாள். மூடின கண்ணுக்குள்ளும் சிவப்பாகத்தான் இருந்தது.

உங்க ஆள் எங்கே என்று யாரோ கேட்டார்கள். பக்கத்துக் கேரவன் பெவ். தலை முழுக்க நரைத்த வெள்ளைக்காரி, கணவர் இறந்த பிறகும் வருஷா வருஷம் தனியாக இந்த இடத்துக்கு வருகிறவள், கையில் எந்நேரமும் ஒரு காபிக் கோப்பை. அமலோற்பவம் மோவாயால் கடலைக் காட்டினாள். மீன் பிடிக்கவா? தெரியவில்லை. எவ்வளவு தூரம் போகிறார்? தெரியவில்லை. எப்போது வருவதாகச் சொன்னார்? "நான் கேட்கவில்லை" என்றாள் அமலோற்பவம் ஆங்கிலத்தில். பெவ் கோப்பையை இறக்கிவிட்டு அவளையே பார்த்தாள். "கேட்கவில்லையா?" அந்தக் கேள்வியில் திட்டு இல்லை, வெறும் ஆச்சரியம்தான்; அதுதான் குத்திற்று. எப்படி விளக்குவது? எங்கள் ஊரில் கேட்க மாட்டோம் என்றால், ஏன் என்பாள். கேட்டால் திரும்பி வரமாட்டார்கள் என்றால், கேட்காவிட்டால் வருவார்களா என்பாள். "கொஞ்சம் பார்த்துக்கொள், இந்தத் தண்ணீர் கில்லாடி" என்று சொல்லிவிட்டுப் பெவ் தன் நாயைக் கூட்டிக்கொண்டு நிழலுக்குப் போனாள். அமலோற்பவம் புள்ளியைத் தேடினாள். இருந்தது. இருக்கிறதா? ஆமாம், இருக்கிறது, நடக்கிறதா நிற்கிறதா என்றுதான் தெரியவில்லை. சரி. பார்த்துக்கொண்டே இருப்போம். பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு கண்ணை மூடி மற்றதால் பார்ப்போம்.

தூக்கம் அவளை எங்கே கொண்டுபோகும், வேலைக்குத்தான். முதியோர் இல்லத்து நீள நடை, மினுக்கும் தரை, கடைசி அறையிலிருந்து வில்ஃப் வருகிறார். வில்ஃப் ஒரு காலத்தில் ஆட்டு ரோமம் கத்தரித்தவர், இப்போது தன் பெயரே பாதி நாள் தெரியாது, ஆனால் ராத்திரி ஆனால் போதும், பூட்ஸைப் போட்டுக்கொண்டு வாசல் கதவுக்கு வந்துவிடுவார். தடுக்கக் கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். தடுத்தால் முரண்டு பிடிப்பார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேளுங்கள், கேட்டுவிட்டுக் கூடவே நடங்கள், பாதி தூரத்தில் அவர்களே திரும்பிவிடுவார்கள். அமலோற்பவம் இதில் கெட்டிக்காரி. எங்கே போகிறீர்கள் வில்ஃப்? வீட்டுக்கு. சரி, நானும் வருகிறேன். நடைபாதையில் இரண்டு சுற்று, அவருடைய கை இவள் கைக்குள், அவர் வீட்டு மாமரம்—இல்லை, அது யார் வீட்டு மாமரம்—அவர் வீட்டு நாய், அவர் மனைவி வைக்கிற ஆட்டிறைச்சி, எல்லாம் கேட்டுக்கொண்டே சுற்றினால் வில்ஃப் தானாகப் படுக்கைக்கு வந்துவிடுவார். எத்தனை ஆண்பிள்ளைகளை இப்படி எங்கே போகிறாய் எங்கே போகிறாய் என்று கேட்டுக் கேட்டுத் திருப்பிக் கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறாள். விடிந்து வீட்டுக்கு வந்தால் அங்கே ஒருவர் சமையலறை மேசையில் உட்கார்ந்திருப்பார். கப்பலை விட்டு வந்த பிறகு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் பாய்லர் பார்த்தவர். பாய்லரைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்தவர். அது இருமினால் இவருக்கு இங்கே வீட்டில் தூக்கம் கலையும். புதிதாக ஒரு மெஷின் வந்தது, அதற்கு ஆள் வேண்டாமாம். கேக் வெட்டி, கை குலுக்கி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு வந்து உட்கார்ந்தவர்தான். முன்பெல்லாம் வாய் ஓயாது, ஒற்றைக் காதுக்காரர் என்பதால் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவார். இப்போது எதற்கும் ம். சாப்பிடுதீயளா? ம். படுக்கலையா? ம். அந்த ம்மைத் தாண்டி அவள் போனதே இல்லை. நின்றுகொண்டே சோற்றைத் தின்றுவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவாள். அசதி. அவ்வளவு அசதி. ஒரு மனுஷனைக் கேட்கிற கேள்வியெல்லாம் ராத்திரியே செலவாகிவிடும்.

நாய் குரைத்து விழித்தாள். வாய் காய்ந்திருந்தது, வெயில் காலுக்கு வந்திருந்தது. முதலில் வெளிச்சத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. மணல் இருந்த இடமெல்லாம் பளபளக்கிறது. வெள்ளைக் கோட்டைக் காணோம். கோடு எங்கே போயிற்று, அதுவரைக்கும் இருந்த மணல் எங்கே போயிற்று. புள்ளி? புள்ளியைக் காணோம். கையைக் கண்ணுக்கு மேல் வைத்தாள். காணோம். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள், தூக்கக் கலக்கம், சரியாகப் பார், இடமிருந்து வலமாகப் பார். கறுப்பாக ஒன்று தெரிந்தது, அது பறவையாகிப் பறந்தது. வந்திருப்பார். வந்து கக்கூஸுக்குப் போயிருப்பார். கூடாரத்துக்குள் படுத்திருப்பார், நான் தூங்குகிறேன் என்று எழுப்பாமல். எழுந்தாள், கணுக்கால் நொந்தது, கூடாரத்துக்குள் குனிந்து பார்த்தாள். போர்வை அவள் மடித்து வைத்த மடிப்பு கலையாமல் இருந்தது. வெளியே வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அப்போதுதான் கண்டாள். உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு காகிதக் கைக்குட்டையின் மேல், அவருடைய கைக்கடிகாரமும் மோதிரமும். காலையிலிருந்து இங்கேதான் இருந்திருக்கிறது. எத்தனை தடவை உப்பை எடுத்தாள், கண்ணில் படவில்லையே. படவில்லையா, பட்டும் பார்க்கவில்லையா. மீன் பிடிக்கப் போகிறவர்கள் மோதிரத்தைக் கழற்றுவது உண்டு. தூண்டில் நரம்பு மாட்டினால் விரல் போகும். ஆமாம், அதுதான். கடிகாரம் உப்புத்தண்ணியில் கெட்டுப்போகும், அதனால் கழற்றியிருக்கிறார். அதுவும் சரிதான். ஆனால் கைக்குட்டையை விரித்து எதற்கு வைக்க வேண்டும்? கழற்றிப் போடுகிறவர் எங்கேயாவது போடுவார், தேடு தேடென்று என்னைத்தான் தேட வைப்பார். இவர் என்றைக்கு எதை விரித்து வைத்தார். கல்யாணத்தன்று மாதா கோயிலில் மாட்டின மோதிரம், விரல் வீங்கி வீங்கி இறுகிப்போனது. சோப்புப் போட்டாலும் வராது. அப்படியென்றால் சோப்புப் போட்டுக் கழற்றியிருக்கிறார். நான் பலகையை வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில். மீன் பிடிக்கத்தான், மீன் பிடிக்கத்தான் என்று அவள் சொல்லிக்கொண்டாள், குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள். தங்கூசு நரம்பு சுற்றின பச்சை வளையம், ஜோஸ்லின் வாங்கித் தந்தது, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காமல் அங்கேயே கிடந்தது. தூண்டில் இல்லாமல் மீன் பிடிக்கப் போனாரா. வாளியை மட்டும் எடுத்துக்கொண்டு? வாளி எதற்கு? வாளி நான் பார்ப்பதற்கு.

அதற்குப் பிறகு நினைப்பதற்கு எதுவும் இல்லை, ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை. மேட்டிலிருந்து இறங்கும்போது செருப்பு ஒன்று கழன்றது, மாதாவே, சாவி காரில் இருக்கிறதா, ஜோஸ்லினுக்கு யார் சொல்வது, பனிமய மாதாவே, இந்தக் காரை எனக்கு ஓட்டத் தெரியாதே, தேயிலையைக் கையில் கொடுத்திருந்தால், கையில் கொடுத்திருந்தால் குடித்திருப்பார், குடிக்கிற நேரம் உட்கார்ந்திருப்பார், உட்கார்ந்திருந்தால். பின்னால் பெவ் ஓடி வருகிறாள், கேரவன் பந்தலின் நீளக் கம்பு ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வருகிறாள். காலையில் கணுக்கால் நனையாமல் தாண்டக்கூடிய பள்ளம் இப்போது ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல், நுரையில்லாமல், எண்ணெய் மாதிரி. பலகையில் எழுதினது பொய்யில்லை. "அங்கே!" என்றாள் பெவ். அமலோற்பவம் அத்தனை நேரமும் தூரத்தில் தேடியிருக்கிறாள். அவர் கிட்டத்தில் இருந்தார். வலப்பக்கம் செம்மண் முனைக்கு நேராக, பள்ளத்துக்கு அந்தப் பக்கம், சுருங்கிக்கொண்டிருக்கிற ஒரு மணல் திட்டில், வாளியைக் காலடியில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். திரும்பி வருகிற வழியில்தான் நின்றிருக்கிறார். பாதி தூரம் வந்திருக்கிறார். ஆனால் முகம் கடலைப் பார்த்து, முதுகு அவளைப் பார்த்து, காலையில் கூடாரத்து வாசலில் நின்ற அதே நிற்பு. தண்ணீர் அவர் பாதத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று, அவர் அசையவில்லை.

"ஜோஸ்லின் அப்பா!" கேட்கவில்லை. காதுதான் போயிற்றே, அதுவும் இடது காது இந்தப் பக்கம். ஓடினாள், திட்டுக்கு நேராக வந்ததும் தண்ணீருக்குள் இறங்கினாள். மீன் திங்கிற தெருவில் பிறந்து, மீன் விற்ற அம்மா வயிற்றில் பிறந்து, இந்த வயசு வரைக்கும் முழங்காலுக்கு மேல் கடலில் நின்றதில்லை. அது ஆண்பிள்ளைகள் இடம். தண்ணீர் இழுத்தது. நைட்டி காலைச் சுற்றிற்று. பெவ் பின்னால் நின்று கம்பின் ஒரு நுனியை அவள் கையில் திணித்தாள், விடாதே, விடாதே என்றாள். இடுப்புக்கு வந்தது. பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. பின்னாலிருந்து கேட்கக் கூடாது. அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். போ அம்மா, நீ போ, நீ கேட்காமல் என்னத்தைக் கண்டாய். அமலோற்பவம் அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"எங்க போறீய?"

குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. ராத்திரி ராத்திரி கேட்கிற பழகின குரல் இல்லை அது. "ஏய்யா, எங்க போறீய? எங்கதான் போறீய? சொல்லிட்டுப் போங்க! எப்ப வருவீய?" தொப்பி அசைந்தது. அவர் திரும்பினார். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவளைப் பார்த்து, முதலில் அடையாளம் தெரியாதவர் மாதிரி, பிறகு பயந்துபோனவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கினார். "ஏட்டி, இறங்காத! உனக்கு நீச்சல் தெரியாது! கரையில ஏறுட்டி!" எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த ஊருக்கே கேட்கிற குரல். "நீங்க வந்தா ஏறுதேன்!" என்றாள். "வராட்டி இன்னும் ஒரு எட்டு வைப்பேன்!" வைக்கவும் செய்தாள். அவர் வாளியைத் தண்ணீரோடு விட்டுவிட்டு இறங்கினார். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது, ஒரு இடத்தில் கழுத்துக்கு வந்தது, தொப்பி போயிற்று, இரண்டு கை வீச்சில் பள்ளத்தைத் தாண்டிக் கம்பைப் பிடித்தார். பெவ் இழுத்தாள், மூன்று பேரும் சிப்பி மணலில் வந்து விழுந்தார்கள். பெவ்வின் நாய் மூவரையும் சுற்றிச் சுற்றி ஓடிற்று.

பெவ் எழுந்து நாயைப் பிடித்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சூடாக ஏதாவது கொண்டு வருகிறேன் என்று மேட்டில் ஏறிப் போனாள். அமலோற்பவம் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள். திட்டு இருந்த இடத்தில் இப்போது திட்டு இல்லை, வாளி மட்டும் மிதந்து மிதந்து வலப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. "தூண்டிலக் கொண்டு போகலியே" என்றாள். அவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார். அந்த ம்மில் அவள் இந்தத் தடவை நிற்கவில்லை. "மோதிரத்த என்னத்துக்குக் கழட்டி வச்சீய?"

"உனக்கு இருக்கட்டும்னு."

காற்று அடித்தது. அவருக்கு உடம்பு நடுங்கிற்று, அவளுக்கும் நடுங்கிற்று. "சாகணும்னு போகல பிள்ள" என்றார், கடலைப் பார்த்தே. "நடந்துட்டே இருந்தேன். திரும்பிக்கூட வந்துட்டேன். அந்தத் திட்டுக்கு வந்ததும் காலு நின்னு போச்சி. தண்ணி வருது, தெரியுது. நகரணும்னு தோணல. யாரு கேக்கா, நகர்ந்தா என்ன, நகராட்டா என்னன்னு நின்னுட்டேன்." அவள் எழுந்து உட்கார்ந்து அவருடைய வலப்பக்கமாக, நல்ல காதுக்குப் பக்கமாக நகர்ந்துகொண்டாள். "காலையில வாசல்ல எம்புட்டு நேரம் நின்னேன், பாத்தியா" என்றார். "தொப்பிய அவுத்து அவுத்துக் கட்டினேன். எங்க போறீயன்னு நீ கேப்ப, கேட்டா சொல்லிப்புடுவோம்னு நின்னேன்."

"என்ன சொல்லியிருப்பீய?"

"முடியல பிள்ளன்னு."

இதைச் சொல்வதற்கு ஒரு மனுஷன் இத்தனை மாசம் சமையலறை மேசையில் காத்திருந்தாரா. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நான் தூங்கினேனே. அமலோற்பவத்துக்கு அழுகை வந்தது, அழுதாள், மூக்கை ஈர நைட்டியில் துடைத்துக்கொண்டாள். "கடலுக்குப் போறவுகள கேக்கக் கூடாதுல்லா" என்றாள், பிள்ளை மாதிரி. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். "நான் எந்தக் கடலுக்குட்டி போனேன்?" என்று கேட்டார். அவள் கையை நீட்டி அவர் விரலைத் தடவினாள். மோதிரம் இருந்த இடம் வெளுத்து, தோல் சோப்பில் உரிந்து, தொட்டால் எரியும்போல இருந்தது.

பெவ் கொண்டு வந்த சூப்பைக் குடித்தார்கள், உடை மாற்றினார்கள். அதற்குப் பிறகு அவர் பேசினார். தொடர்ச்சியாக இல்லை, பாய்லரைப் பற்றிக் கொஞ்சம், கேக் வெட்டின அன்றைக்கு யாரோ தன் பெயரைத் தப்பாக எழுதியிருந்ததைப் பற்றி, இடையில் நெடுநேரம் ஒன்றுமில்லை, பிறகு மறுபடியும். அமலோற்பவம் நாற்காலியில் கண்ணை மூடாமல் இருக்கத் தன் தொடையையே கிள்ளிக்கொண்டாள். அப்படியும் ஒரு தடவை தலை தொங்கிவிட்டது, நிமிர்ந்தபோது அவர் நிறுத்திவிட்டிருந்தார், ம், சொல்லுங்க என்றாள், இப்போது ம் அவளுடையதாகிவிட்டிருந்தது. பெர்த்துக்குப் போனதும் டாக்டரிடம் போகணும், நானும் கூட வருவேன் என்றாள். அவர் மறுக்கவில்லை. அடிவானம் சிவந்து, மண்ணும் தண்ணியும் ஒரே நிறமாகிற நேரத்தில் கடல் மேட்டுக்குக் கீழே வந்து, காலையில் ஊரிலேயே இல்லாதது மாதிரி நடந்துகொண்டதையெல்லாம் மறந்துவிட்டு, சாதுவாக இரைந்துகொண்டிருந்தது. இஞ்ஞாசி நாற்காலியிலிருந்து எழுந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி, இருட்டுகிற பக்கமாக இரண்டு எட்டு வைத்தார்.

"எங்க போறீய?"

அவர் நின்றார். திரும்பிப் பார்த்தார். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுக்கு" என்றார்.

"எப்ப வருவீய?"

"இந்தா, இப்ப வந்திருவேன்."

சரி என்றாள். தகரக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. கண் சொக்கியது, உடம்பு கெஞ்சியது. அவர் வருகிற வரைக்கும் அவள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.